படிகாரம்

தண்ணீர் தெளியத் தெளிய அவன் குளத்தின் அடியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

நேற்று படிகாரக் கட்டிகளைச் சாக்கில் கட்டி, இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் குளம் முழுக்க இழுத்தவன் அவன்தான். கரையில் நாற்காலி போட்டு முதலாளி உட்கார்ந்திருந்தார். ஒப்புக்குச் செய்துவிட்டு ஏற வழியில்லை.

இன்று பண்ணை வீட்டுக்கு விருந்தாளிகள். பாசித் தண்ணீரை அவர்களுக்குக் காட்டினால் முதலாளிக்குக் கௌரவம் போய்விடும்.

அந்தப் பாசி சும்மா வரவில்லை.

விடியலில் கூடை கூடையாகச் சாணி அள்ளிக் கரைத்து ஊற்றி, அவன் உண்டாக்கிய பச்சை. சாணி விழுந்தால் தண்ணீர் பச்சை கட்டும். பச்சை கட்டினால் மீன் கொழுக்கும். மேலே நின்று பார்க்கிறவனுக்கு ஒரு எழவும் தெரியாது.

போன மழைக்குக் குடத்தில் கொண்டுவந்து விட்ட கட்லா மீன் குஞ்சுகள். முதலாளியிடம் கேட்டால் கிடைக்காது என்று தெரியும். அதனால் கேட்கவில்லை. எப்போதாவது வந்து போகிற மனிதர்தானே.

இப்போது ஒவ்வொன்றும் முழங்கை நீளம். வெள்ளிக்கிழமை வியாபாரி வருவதாகப் பேச்சு. மீன் போனால் வீட்டுக்குத் தகரக் கூரை வரும். ஒழுகுகிற இடத்திலெல்லாம் சட்டி வைத்து அலுத்துப்போன பெண்டாட்டியிடம், இந்த மழைக்குச் சட்டிக்கு வேலையில்லை என்று சொல்லிவைத்திருந்தான்.

அடியிலேயே கிடங்கடா.

மனசுக்குள் கெஞ்சினான்.

"சோலமலை! இங்கிட்டு வாடா." படித்துறையிலிருந்து முதலாளி கூப்பிட்டார்.

போனான்.

போயிருக்கக் கூடாது.

தினமும் அந்தப் படியில் நின்றுதான் தவிடு போடுவான். அவன் காலடி அதிர்ந்தால் அவை வந்துவிடும். அவன் பழக்கிய பழக்கம்.

வந்தன.

முதலில் ஒரு கறுத்த முதுகு. பிறகு நாலு. பிறகு படியோரம் முழுக்க. வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு மொய்த்து நின்றன.

அவன் முதலாளியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"அடேயப்பா! யார்றா இதுகள விட்டது?"

சொன்னால் களவாணிப்பட்டம். வேலையும் இருக்காது.

"தெரியலீங்கய்யா."

"கொக்குதான்டா! கொக்குக் கால்ல முட்டை ஒட்டிக்கிட்டு வரும். எங்கய்யா சொல்லுவாரு."

"ஆமாங்கய்யா. கொக்குதாங்க."

முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார். தண்ணீரில் விரலை ஆட்டினார். மீன்கள் அகலவில்லை.

"பார்றா, வளத்த நாயி மாதிரி என்னையத் தேடி வருது! வீட்டுக்காரன் யாருன்னு அதுகளுக்கும் தெரியுதுடா."

"தெரியுதுங்கய்யா."

வலை வந்தது. இறங்கி இழுத்தவன் அவன்.

பயந்து ஓடியவை கொஞ்சம். மற்றவை அவன் காலையே சுற்றிச் சுற்றி வந்து அகப்பட்டன.

மதியம் குழம்பும் வறுவலும் மணத்தன. மீந்தவை ஐஸ் பெட்டியில் ஏறி, விருந்தாளிகளின் கார்களில் போயின. போகிறபோது ஒரு அம்மாள், "உங்களுக்குக் கை ராசிங்க" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

பொழுது சாய முதலாளி, பிடித்த மீனைப் போட்டுவைத்திருந்த தொட்டிப் பக்கம் அவனைக் கூப்பிட்டார். தண்ணீருக்குள் ஒன்றே ஒன்று கிடந்தது. இருந்ததிலேயே சின்னது.

"இந்தா, நீயும் ஒண்ணு கொண்டு போ. வீட்ல கொழம்பு வைக்கச் சொல்லு."

இரண்டு கையாலும் வாங்கினான். கைக்குள் துடித்தது.

முதலாளி அங்கேயே நின்றார்.

எதற்கு நிற்கிறார் என்று அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரமானது.

மீனைத் தரையில் போட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டான்.