பங்குக்கு ஒரு சோதனை

“கலியமூர்த்திக்கா பங்கு தரணும்ங்கறீங்க? இருக்கிறதிலேயே சுலபமான சோதனை. அதுலயே தேறலை” என்றார் விஜயராகவன்.

ஹேமலதா கலியமூர்த்தியின் காலி நாற்காலியைப் பார்த்தார்.

மோசடி மெயில்களைக் கண்டுபிடித்துத் தடுக்கும் மென்பொருள் அவர்களுடையது. முதலியார்பேட்டையில், ஒரு மருந்துக்கடை மாடியில் மூன்று பேராகத் தொடங்கிய நிறுவனம். முதலாளிகள் இவர்கள் இருவர். சம்பளத்துக்கு வந்த மூன்றாமவர் கலியமூர்த்தி. இன்று உழவர்கரையில் சொந்தக் கட்டடம், நாற்பது ஊழியர்கள்.

பெங்களூர் நிறுவனம் ஒன்று இப்போது பாதியை வாங்கிக்கொள்கிறது. மீதிப் பாதியில் ஓர் ஊழியரையும் பங்குதாரராகச் சேர்ப்பதென்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள். கலியமூர்த்தி என்றார் ஹேமலதா. புதிதாக வந்த கெட்டிக்காரன் இளம்பரிதி என்றார் விஜயராகவன்.

அதற்காகத்தான் காலையில் ஒரு சோதனை. விடுப்பில் இருந்த ஊழியர் கலைமகளிடம் முன்பே அனுமதி வாங்கி, அவள் அனுப்பியது போலவே எல்லோருக்கும் ஒரு போலி மெயில் போனது. ‘என் மகன் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். அவசரமாக ரத்தம் வேண்டும். கீழே உள்ள லிங்கை அழுத்திப் பெயர் கொடுங்கள்.’

போலி என்று கண்டுகொண்டு, உடனே புகார் பட்டனை அழுத்த வேண்டும்.

இளம்பரிதி முதல் ஆளாக அழுத்தினான். மற்றவர்களும் சிரித்துக்கொண்டே அழுத்தினார்கள். கலியமூர்த்தி மட்டும் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அவர் திரும்பியபோது சாப்பாட்டு நேரம். நெற்றியில் குங்குமம், கையில் ஒரு தூக்குச்சட்டி.

“எங்க போயிட்டீங்க?” என்றார் ஹேமலதா.

“கலைமகள் புள்ளையப் பாக்க மேடம்.”

விஜயராகவன் சிரித்துவிட்டார். “அது போலி மெயில்ங்க. இத்தனை வருஷமா இதே வேலை பாக்கறீங்க, அது தெரியலையா?”

“பாத்ததுமே தெரிஞ்சிது சார். லிங்க் பக்கமே போகல.”

“அப்புறம் ஏன் போனீங்க?”

“மெயில் போலின்னா புள்ள நல்லாருக்குன்னு அர்த்தமா சார்? கலைமகள் லீவுல இருக்கிறது வரைக்கும் தெரிஞ்சவன், புள்ளைக்கு முடியாததையும் தெரிஞ்சிக்கிட்டு எழுதியிருந்தா? போன் பண்ணேன், எடுக்கல. ஆஸ்பத்திரில கேட்டா அப்படி யாரும் வரலங்கறாங்க. வீட்டுக்குப் போனா பூட்டு தொங்குது. பயந்துட்டேன். பக்கத்து வீட்டம்மாதான் சொன்னாங்க, வீராம்பட்டினம் கோயில்ல பையனுக்குக் காதுகுத்துன்னு.”

“அங்கயும் போனீங்களா?”

“போகாம? மொட்டத் தலையோட மாமன் மடியில உக்காந்து ஊரையே கூட்டிக்கிட்டிருந்தான். அந்தச் சத்தத்தைக் கேட்டப்புறம்தான் எனக்கு உசுரே வந்துச்சு.” தூக்குச்சட்டியை மேசைமேல் வைத்தார். “சக்கரைப் பொங்கல். எல்லாருக்கும்னு கலைமகள் குடுத்தனுப்பிச்சுது.”

“கலியமூர்த்தி, உங்களுக்குப் பங்கு குடுக்கலாமான்னு பாக்கத்தான் இந்தச் சோதனையே. அந்தப் பட்டனையாவது அழுத்திட்டுப் போயிருக்கக் கூடாதா?” விஜயராகவன் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

கலியமூர்த்தி தூக்குச்சட்டியின் மூடியைத் திறந்தார்.

“மறந்துட்டேன் சார். இளம்பரிதிக்கே குடுங்க, கெட்டிக்காரப் புள்ள. பொங்கல் ஆறிடப் போவுது, சாப்புடுங்க.”

அவர் போனபின் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஹேமலதா பார்த்தார். எல்லோரும் வேலையில் மூழ்கியிருந்தார்கள். கலைமகளுக்கு ஒரு போன் போட்டுப் பார்க்கலாமே என்று காலையிலிருந்து அங்கே ஒருவர்கூடச் சொல்லவில்லை.

விஜயராகவன் பொங்கலை ருசித்தபடியே கேட்டார். “சாயந்தரம் பெங்களூர்லேருந்து கூப்பிடுவாங்க. தேறாதவர் ஒருத்தர்னு சொல்லிடட்டுமா?”

“இல்லை” என்றார் ஹேமலதா. “தேறினவர் ஒருத்தர்னு சொல்லுங்க.”