சுவர் நடக்குமா சார்?

"ரெண்டே ரெண்டு வீடுதான் இன்னும் பணம் கட்டலை" என்றார் பல் டாக்டர்.

அவர்தான் தெரு நலச் சங்கத் தலைவர். கூட்டம் நடந்ததும் அவருடைய கிளினிக் வரவேற்பறையில்தான். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருப்பவர்களோடு பேசிப் பழகியவர் என்பதால், எதிராளி பதில் பேசுவார் என்று அவர் எதிர்பார்ப்பதே இல்லை.

தெருவைத் தோண்டி, சாக்கடை கட்டி, புதுசாக ரோடு போடப் போகிறது நகராட்சி. செலவில் பாதி அவர்கள், பாதி வீட்டுக்காரர்கள். ரோட்டை ஒட்டி யாருக்கு எத்தனை அடி இடம் இருக்கிறதோ, அதற்குத் தகுந்த பங்கு.

"கட்டாதவங்க பேரை தெருமுனையில போர்டு வெச்சு எழுதிடலாம்னு கமிட்டியில முடிவு. அதுக்கு முன்னாடி காரணம் கேட்கறது மரியாதை. நீங்க சொல்லுங்கம்மா."

மூலை வீட்டுத் தையல்காரம்மா எழுந்தார். தெருவிலேயே சின்ன வீடு. ஆனால் மூலை மனை. முன்னால் ஒரு ரோடு, பக்கவாட்டில் ஒரு ரோடு. அதனால் தெருவிலேயே பெரிய தொகை அவருக்கு.

விரலில் சுற்றியிருந்த நூலைப் பிரித்தபடியே, "சார், எனக்கு வந்து..." என்று ஆரம்பித்தார்.

தடால்!

பின்வரிசையில் ஒரு நாற்காலி கவிழ்ந்தது. எழுந்து நின்றவர் ரிட்டயர்டு ஆடிட்டர். தெருவில் அவருக்குப் பெயர் 'எதிர்க்கட்சி'. எச்சில் கையால் காக்கா ஓட்டாதவர் என்பது கூடுதல் பட்டம்.

"அந்தம்மாவை ஏன் கேக்கறீங்க? என்னைக் கேளுங்க! நான் ஒரு பைசா கட்ட மாட்டேன்!"

"ஏன் சார்?"

"பழைய ரோட்டுக்கு என்ன குறைச்சல்?"

"குறைச்சலா?" பேக்கரிக்காரர் கொதித்தார். "உங்க வாசல் பள்ளத்துல வண்டி இறங்கினதுல ஒரு கல்யாண கேக்கே தரைமட்டம் ஆயிடுச்சு சார்!"

"நீர் வந்த வேகத்துக்கு கேக் போனதோட விட்டுதேன்னு சந்தோஷப்படும். அந்தப் பள்ளம் இருக்கறதாலதான் இந்தத் தெருவுல எல்லாருக்கும் கைகால் முழுசா இருக்கு!"

"போர்டுல உங்க பேர் வரும் சார்" என்றார் டாக்டர்.

"முதல் பேரா போடுங்க. பெரிய எழுத்துல! கீழே அந்தம்மா பேரு. நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து போராடப் போறோம். என்னம்மா?"

தையல்காரம்மா திருதிருவென்று விழித்தார்.

"உங்க பக்கவாட்டுல வாசல் இருக்கா?"

"இல்லைங்க. வெறும் சுவர்."

"கேட்டீங்களா? அந்தச் சுவரா ரோட்டுல நடந்து போகப் போகுது? அதுக்கு எதுக்கு இவங்க அடிக்கணக்குல அழணும்?"

கூட்டம் கூச்சலில் முடிந்தது. "நல்லது நடக்கவிட மாட்டாரே இந்த மனுஷன்!" என்று தெருவே கரித்துக் கொட்டியது. போகிற போக்கில் அந்தம்மாவையும் கெடுத்துவிட்டார் என்று டாக்டர் வீட்டம்மா வருத்தப்பட்டார். போர்டு எழுதும் யோசனையை டாக்டரே கைவிட்டார். இரண்டு பேர் சண்டைக்குத் தயாராக நிற்கும்போது பெயரை எழுதினால், அது விளம்பரமாகிவிடுமே!

விஷயம் நகராட்சி விசாரணைக்குப் போனது. அங்கே எதிர்க்கட்சி மேஜையைத் தட்டினார், தண்ணீர் கேட்டார், மறுபடி தட்டினார். கடைசியில் தையல்காரம்மாவே முன்னால் வந்து, "சுவர் நடக்குமா சார்?" என்று நிதானமாகக் கேட்டார். அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வாசல் இல்லாத பக்கத்துக்குப் பாதிக் கட்டணம். மீதியையும் வேண்டியவர்கள் வீட்டு வரியோடு தவணையில் கட்டலாம். தீர்ப்பு வந்த அன்றே தையல்காரம்மா முதல் தவணையைக் கட்டினார்.

அதன்பிறகு தெருவில் அவருக்குத் தனி மரியாதை. "தலைவி, வணக்கம்!" என்று பேக்கரிக்காரரே கும்பிடு போட்டார். கும்பிடு போட்ட கையோடு, கட்டின பணத்தைத் திருப்பி வாங்கித் தவணைக்கு மாறியும் கொண்டார்.

வேலை ஆரம்பித்தது. டாக்டருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. நேராக நகராட்சி அலுவலகத்துக்குப் போனார்.

"இவ்வளவு கலாட்டா பண்ணின ஆடிட்டர்கிட்ட தவணை கிவணை எல்லாம் கூடாது. வட்டியோட கறந்துடுங்க!"

கவுண்டரில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"அவரா? உங்க தெருவுல முதல்ல கட்டினதே அவர்தான் சார். உங்க சங்கத்துல கொடுக்காம, நேரா இங்கேயே வந்து முழுப்பணமும் கட்டினார். அப்புறம் ஏதோ மீட்டிங்காமே, அதுக்கு மறுநாள் ஓடி வந்து, 'நான் கட்டினது வெளியில தெரியவே கூடாது'ன்னு ஒரே கெஞ்சல்."

"அப்ப விசாரணைக்கு மனு கொடுத்தது?"

"அது அந்தம்மா. சத்தம் மட்டும்தான் இவரோடது."

டாக்டர் தெருவுக்குத் திரும்பியபோது எதிர்க்கட்சி வாசலில் நின்று, ரோடு ரோலர் ஓட்டுபவரிடம் அந்த வண்டியை எப்படி ஓட்ட வேண்டும் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"பணத்தைக் கட்டிட்டு எதுக்கு சார் அந்தக் கத்து கத்தினீங்க? தெருவே உங்களைத் திட்டித் தீர்த்துச்சே!"

எதிர்க்கட்சி மூலை வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். தையல் மிஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒருத்தர் மட்டும் கட்டலைன்னா அதுக்குப் பேர் இல்லாமை, டாக்டர். கூட இன்னொருத்தர் நின்னு 'கட்ட மாட்டேன்'னு கத்தினா, அதுக்குப் பேர் போராட்டம்!"