ஏழு தகப்பன் கடவுச்சொல்

'கடைசியாக உள்ளே வந்தது: இன்று காலை பத்து மணி' என்றது சர்வர்.

இன்று காலை பத்து மணிக்கு நான் பொருளாதார வகுப்பில் தூங்கிக்கொண்டிருந்தேன். ஆசிரியர் உட்பட ஐம்பது பேர் சாட்சி.

மறுபடியும் படித்துப் பார்த்தேன். அதே வரி.

"குபாத், என் சர்வருக்குள்ள நீ போனியா?"

என் அறைத்தோழன் கட்டிலில் மல்லாந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான். "எனக்கு என் மெயிலுக்குள்ளயே போகத் தெரியாதுடா."

திரையை அவன் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

அந்த சர்வரை நான் கண்ணால் பார்த்ததில்லை. ஃப்ராங்க்ஃபர்ட்டில் எங்கோ இருக்கிற ஒரு கணினியாம். 'உங்கள் முதல் சர்வர்' என்ற வழிகாட்டியைப் படித்தபடி, பிஷ்கெக் விடுதியின் இதே மேசையில் உட்கார்ந்து, போன வாரம் வாடகைக்கு எடுத்தேன்.

வரும் ஞாயிறோடு அப்பா இறந்து ஒரு வருஷம்; அன்றைக்கு அவர் நினைவாக விருந்து. லாரி ஓட்டினவர். வெங்காயமும் உலர்ந்த பாதாமியும் ஏற்றிக்கொண்டு ரஷ்யா போவார், வருவார், மறுபடியும் போவார். அவர் போனில் இருந்த படங்களையெல்லாம் சர்வரில் ஏற்றி, ஒரு பக்கமாக்கி, விருந்து அழைப்போடு சொந்தக்காரர்களுக்கு அனுப்பினேன். அவர்கள் அதை உலகத்துக்கே அனுப்பினார்கள்.

ஏற்றிய மறுநாள் அப்பாவின் போன் செத்துப்போனது. 'நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்' என்று வழிகாட்டியில் ஒரு பத்தி இருந்தது. நீளமாக இருந்ததால் தாண்டிவிட்டேன்.

ஆக, அப்பாவின் முகம் இப்போது உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கிறது. அங்கே யாரோ நடமாடிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

குபாத் எழுந்து வந்தான். "கடவுச்சொல் என்ன வெச்ச? ஒண்ணு ரெண்டு மூணா?"

"ஏழு தகப்பன்."

எங்கள் இனத்தில் ஆண்பிள்ளையாகப் பிறந்தவன், பள்ளிக்கூடம் போகுமுன்பே அப்பாவில் தொடங்கி ஏழு தலைமுறைத் தகப்பன்மார் பெயரை ஒப்பிக்க வேண்டும். ஏழையும் சேர்த்து அடித்தபோது நீளம் திரையைத் தாண்டியது. 'மிகவும் வலுவானது' என்று பச்சை விளக்கு எரிந்தது. முன்னோர்களை நினைத்துப் பெருமைப்பட்டது அன்றைக்குத்தான்.

"அறிவாளி," என்றான் குபாத். "உங்க பெரியப்பா பசங்க அத்தனை பேரும் அதைத் தூக்கத்துலயே சொல்வானுங்களேடா!"

அதை யோசிக்காமலா இருப்பேன்? முதல் பெயரை மட்டும் மாற்றியிருந்தேன். துர்குன் என்ற அப்பாவின் பெயருக்குப் பதில், பீப்பீ.

சின்ன வயதில் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன். தெரு முனையில் திரும்பும்போதே ஹாரனை இரண்டு தடவை அடிப்பார். வெளியாள் முன்னால் பீப்பீ என்றால் காதைத் திருகுவார். வீட்டுக்குள் மட்டும்தான். நான் மறந்தால் உதவட்டும் என்று நுழைவுப் பக்கத்தில் 'ஏழு தகப்பன், முதலாவது செல்லப்பெயர்' என்று குறிப்பு வைத்திருந்தேன்; அந்தச் செல்லப்பெயர் பெரியப்பா வீட்டுக்குக்கூடத் தெரியாது. தெரிந்தவர்கள் மூன்றே பேர். ஒருவர் இறந்துவிட்டார். இன்னொருவர் அம்மா; அவள் போனில் பொத்தான்தான் இருக்கிறது, இணையம் இல்லை. மூன்றாவது ஆள் வகுப்பில் தூங்கிக்கொண்டிருந்தான்.

வந்தவனின் முகவரி எண்ணைக் குபாத் தன் போனில் தேடினான். முகம் மாறியது.

"ஓம்ஸ்க். ரஷ்யாடா! போச்சு, ஏதோ பெரிய கும்பல்."

போய் அறைக்கதவைத் தாழ்போட்டுவிட்டு வந்தான், அவர்கள் மினிபஸ் பிடித்து வந்துகொண்டிருப்பதைப் போல. வேறொரு நாளாயிருந்தால் சிரித்திருப்பேன்.

சர்வரின் வாசல் பதிவைத் திறந்தேன். எங்கெங்கிருந்தோ வந்து தட்டியிருந்தார்கள். 'அட்மின்' என்று அடித்துத் தோற்றவர்கள், 'டெஸ்ட்' என்று அடித்துத் தோற்றவர்கள், பக்கம் பக்கமாக.

ஓம்ஸ்க்காரன் ஒரே ஒரு தடவைதான் அடித்திருந்தான். சரியாக.

திருடன் துழாவுவான். இருட்டில் நேராக சுவிட்சின் மேல் கை வைப்பவன் அந்த வீட்டுக்காரன்.

இப்போதுதான் நிஜமாகவே பயமாக இருந்தது.

"படமெல்லாம் இருக்கான்னு முதல்ல பாருடா எர்னிஸ்."

கட்டளையை அடித்துவிட்டேன். என்டரைத் தட்ட விரல் வரவில்லை. குபாத்தான் தட்டினான்.

எல்லாம் இருந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை.

ஒன்று கூடியிருந்தது.

நீல லாரியின் முன்னறை. கண்ணாடிக்கு வெளியே பனி. அப்பா ஸ்டியரிங்குக்குப் பின்னால் வாய்விட்டுச் சிரிக்கிறார். அவர் மடியில் நாலு வயதுப் பையன் ஒருவன், இரண்டு உள்ளங்கையாலும் ஹாரனை அழுத்திக்கொண்டிருக்கிறான். விடைத்த காதுகள். என்னுடையதைப் போலவே.

"டேய், சின்ன வயசுல நீ இவ்வளவு அழகா?" என்றான் குபாத். "அப்புறம் என்னடா ஆச்சு?"

அப்பா அந்த நீல லாரியை வாங்கியபோது எனக்கு எட்டு வயது.

போன் அடித்தது. இருவரும் துள்ளிவிட்டோம். அம்மா.

"எர்னிஸ், கறிக்காரர் வந்து நிக்கிறார். எத்தனை பேருன்னு முடிவாச் சொல்லுப்பா."

"சொன்ன கணக்குதாம்மா." "கூட ஒருத்தர்."

யார் என்று அம்மா கேட்கவில்லை. அடுப்பைத் தணிக்கிற சத்தம் கேட்டது.

"பதினாறு வயசுல நல்லாப் பசிக்கும்," என்றாள். "கறியோட பெரிய எலும்பா ஒண்ணு எடுத்து வெக்கிறேன்."