தாலாட்டுக் காட்சி

டிவியில் பழைய படம் ஓடிக்கொண்டிருந்தது. குழந்தையை மடியில் கிடத்திக் கதாநாயகி தாலாட்டுப் பாடத் தொடங்கியதும் சாலம்மாள் அழுதாள்.

பக்கத்து வீட்டு தேவிப்ரியா சிரித்தாள். “எத்தன தடவ பார்த்தாலும் அழுவறீங்களே பெரியம்மா! தாய் வேசத்துல அந்தம்மாவ அடிச்சுக்க ஆளில்லீங்க.”

“நான் அந்தம்மாவப் பாக்கறதில்ல சாமி.”

“அப்புறம்?”

“எங்க ஜலகண்டாபுரத்துலதான் படம் புடிச்சாங்க. இந்தப் பாட்டுக்குக் கைக்குழந்தை வேணும்னாங்க. என்ற மூத்தவளக் குடுத்தேன். படம் வெளிய வாரதுக்குள்ள காய்ச்சல்ல போயிட்டா. அவளுக்குன்னு ஒரு போட்டோகூட நாங்க எடுத்து வெக்கல.”

தேவிப்ரியா டிவி பக்கம் திரும்பினாள். பலமுறை பார்த்த அந்தக் காட்சியில், அவள் முதன்முறையாகக் குழந்தையின் முகத்தைப் பார்த்தாள்.