பதினொரு மணிக்குள்

மணி பத்து ஐந்து. லேப்டாப்பில் வைஃபை இல்லை.

நேற்று மாலை அப்டேட் போட்டு மூடிவைத்தபோது இருந்தது. இன்று பக்கத்து வீட்டு இணைப்பைக்கூடக் காட்டாமல் பட்டியல் வெறுமையாகக் கிடந்தது.

பதினொரு மணிக்கு ரத்னாவுக்கு இணையவழி நேர்காணல். மகள் மஹதி பிறந்து ஆறு வருஷம்; ரத்னா வேலையை விட்டும் ஆறு வருஷம். நாற்பத்திரண்டு இடங்களுக்கு விண்ணப்பித்து, வந்த முதல் அழைப்பு இது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புரோகிராம் எழுதிக் காட்ட வேண்டும். கைப்பேசிக்கு வைஃபை வந்தது, ஆனால் கைப்பேசியில் அதெல்லாம் நடக்காது.

லேப்டாப் யாரோ வேண்டாம் என்று கழித்தது. எடுத்துவந்து லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு உயிர் கொடுத்தவள் ரத்னாவேதான். ஆகவே திட்டுவதற்கும் ஆளில்லை.

ரவுட்டர் மாடியில், வீட்டுச் சொந்தக்காரர் ஜெயரட்ணத்தின் கூடத்தில் இருந்தது. கேபிளைச் செருகிக்கொள்ளலாம் என்றால், மனிதர் மாடியைப் பூட்டிக்கொண்டு தொலைவில் வெஸ்ட்கேட்டில் இருக்கும் தன் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். கைப்பேசியின் இணைப்பை ஒயர் வழியாக லேப்டாப்புக்குக் கொடுக்கலாம் என்றால், வீட்டில் இருந்த ஒரே ஒயர் சார்ஜ் ஏற்றுவதைத் தவிர வேறு வேலை தெரியாதது. கணவன் வெற்றி, மங்கரே என்ற இடத்தில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தான்.

சரி, ஒரு கை பார்த்துவிடலாம் என்று நேர்காணலுக்காகத் தேய்த்துப் போட்ட வெள்ளைச் சட்டையின் கைகளை மடித்துவிட்டுக்கொண்டாள்.

கைப்பேசியில் முகம் தெரியாத மனிதர்கள் எழுதிவைத்திருந்த தீர்வுகளைப் படித்தாள். படித்ததை எழுத்து எழுத்தாக லேப்டாப்பில் தட்டினாள். வைஃபையை இயக்கும் டிரைவர் மென்பொருளை இறக்கி மறுபடி ஏற்றினாள். அசையவில்லை. நேற்றைய அப்டேட்தான் காலை வாரிவிட்டதோ என்று, அதற்கு முந்தைய லினக்ஸைத் தேர்ந்தெடுத்துத் திறந்து பார்த்தாள். அதுவும் கையை விரித்தது.

பத்து இருபத்தைந்து.

கூடத்தில் டிவி அலறிக்கொண்டிருந்தது. எதிரே மாமனார் பழனிசாமி. கோயம்புத்தூரில் முப்பத்தொரு வருஷம் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர், ஆறு மாத விசாவில் இந்த நாட்டுக்கு வந்திருக்கிறார். ரத்னா நேர்காணல் பற்றிச் சொன்னபோது, அப்புறம் குழந்தையை யார் பார்ப்பது என்று கேட்டதோடு சரி. அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

நேற்று ஆயுத பூஜை. வெற்றியின் கார் சாவிக்கும் ஃபோர்க்லிஃப்ட் லைசென்ஸுக்கும் சந்தனப் பொட்டு வைத்தார். பெட்டியில் போட்டு ஊரிலிருந்தே கொண்டுவந்த தன் பழைய ஸ்பேனருக்கு வைத்தார். காய் நறுக்குகிற கத்திக்குக்கூட வைத்தார். மேசைமேல் இருந்த ரத்னாவின் லேப்டாப்பைத் தாண்டிப் போய்விட்டார். உழைக்கிற சாமானுக்குத்தான் பொட்டு என்பது அவர் கட்சி. ரத்னாவுக்குச் சுருக்கென்றது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

பத்து முப்பத்தெட்டுக்கு, ஒன்பதாவதாகத் தட்டிய கட்டளை வாயைத் திறந்தது. இரண்டே வரிகள். மென்பொருளில் தடை: இல்லை. வன்பொருளில் தடை: உண்டு.

அதாவது லினக்ஸ் மேல் குற்றமில்லை, டிரைவர் மேலும் இல்லை. இந்த லேப்டாப்பின் உடம்பில் எங்கோ ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. அதை யாரோ கையால் அணைத்திருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ. விடிகாலையில் மாமனார் இந்த மேசையருகே குனிந்து நின்றதைத் தூக்கக் கலக்கத்தில் பார்த்திருந்தாள். ரத்னாவுக்குக் கோபம் தலைக்கேறியது.

"மாமா, என் லேப்டாப்பை எடுத்தீங்களா?"

"நான் எதுக்கு அம்மிணி அதைத் தொடறேன்?" என்றார், டிவியிலிருந்து முகத்தைத் திருப்பாமல்.

பச்சைப் பொய். அழுதால் ஐந்து நிமிஷம் போய்விடும் என்று அழுகையை அடக்கிக்கொண்டு கைப்பேசிக்குத் திரும்பினாள்.

பத்து நாற்பத்தாறு. சில பழைய லேப்டாப்புகளில் முன்விளிம்புக்கு அடியில் நகத்தளவில் ஒரு ஸ்விட்ச் இருக்கும் என்று யாரோ ஒரு புண்ணியவான் என்றைக்கோ எழுதிவைத்திருந்தான். இத்தனை நாள் அதைத் தேட வேண்டிய அவசியமே வந்ததில்லை. ரத்னா லேப்டாப்பைத் தூக்கி அடிப்பக்கத்தைத் திருப்பினாள்.

ஸ்விட்ச் இருந்தது. அணைந்த பக்கம் தள்ளப்பட்டு, அப்படியே இறுகிப்போயிருந்தது. அதை மூடிக்கொண்டு மஞ்சளாக ஏதோ காய்ந்திருந்தது.

தொட்டு முகர்ந்து பார்த்தாள்.

சந்தனம். நடுவில் ஒரு துளி குங்குமம்.

மேல்மூடியில் வைத்தால் மருமகள் கண்ணில் பட்டுவிடும் என்று, யாரும் பார்க்காத இடமாகத் தேடி அடிவிளிம்பில் வைத்திருக்கிறார். அழுத்திய விரல் ஸ்விட்சையும் சேர்த்துத் தள்ளிவிட்டிருக்கிறது.

இப்போது அழுகை வந்தே விட்டது. அதற்கு ஒரு நிமிஷம் ஒதுக்கினாள்.

பிறகு ஊக்கை எடுத்து, ஸ்விட்ச் நகர்வதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் சுரண்டினாள். மிச்சப் பொட்டை அப்படியே விட்டாள். பச்சை விளக்கு எரிந்தது. பட்டியலில் ஜெயரட்ணம் வீட்டு வைஃபை முதலில் வந்து நின்றது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, மடித்த சட்டைக் கைகளை இறக்கிவிட்டுக் கேமராவைத் திறந்தாள்.

மணி பத்து ஐம்பத்தொன்பது. யாரும் சொல்லாமலே கூடத்தில் டிவி நின்றது.