எழுதாதீங்க, மேடம்!

"நாற்பத்தாறு நிமிஷமா போனைக் காதுல வெச்சு உங்க பியானோ மியூசிக்கையே கேட்டுக்கிட்டிருக்கேன். இப்பவாவது மனுஷக் குரல் வந்துச்சே. உன் பேரென்னம்மா?"

"ரோண்டா. இந்த அழைப்பு பதிவாகுது, மேடம்."

"ஆகட்டும். நல்லா சத்தமாவே பேசறேன்."

டொலீடோ நகரத்தில் பெர்னடினின் சத்தம் பிரசித்தம். தேவாலயப் பாடகர் குழுவில் அவளைப் பின்வரிசைக்கு அனுப்பியதே அதனால்தான்.

சோபாவில் கம்பளித் தொப்பியோடு படுத்திருந்த கணவன் கிளெம், கண்ணை மூடிக்கொண்டான். ஐம்பத்தேழு வயது. நிணநீர்ப் புற்று. டாக்டர் எழுதிக் கொடுத்த புது மருந்துக்கு இன்சூரன்ஸ் கம்பெனி முன் அனுமதி தரவில்லை. மூன்று வாரம் போய்விட்டது. கழுத்துக் கட்டி மட்டும் யார் அனுமதிக்கும் காத்திருக்காமல் வளர்ந்துகொண்டிருந்தது.

"உங்க லெட்டர்ல என்ன எழுதியிருக்கு தெரியுமா? 'நோயாளி முதலில் பழைய மருந்தில் தோல்வியடைந்திருக்க வேண்டும்.' என் புருஷன் என்ன பரீட்சையா எழுதறாரு? இதுல ஃபெயிலானா அடுத்த வருஷம் திரும்ப எழுத முடியுமா?"

"விதி அதுதான், மேடம்."

"நேத்து பேசினவளாவது 'ஐயோ செல்லமே, உங்க வலி எனக்குப் புரியுது'ன்னு பத்து தடவை சொன்னா. ஒண்ணும் செய்யலை, ஆனா சொன்னா. உனக்கு அதுகூட வரலையே?"

"வராது, மேடம். மேல்முறையீடு எப்படிச் செய்யறதுன்னு நான் உங்களுக்கு யோசனை சொல்லக் கூடாது. அதுவும் விதி."

"அப்புறம் எதுக்கு நீ அங்க உட்கார்ந்திருக்கே?"

"எச்சரிக்க." அந்தக் குரலில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. "கோபத்துல கண்டதையும் எழுதி அனுப்பாதீங்க. முக்கியமா, 'அவசர மேல்முறையீடு'ன்னு தலைப்புல போட்டுடாதீங்க. உயிருக்கு ஆபத்துன்னு டாக்டர் கையெழுத்தோட அப்படி வந்தா, எழுபத்திரண்டு மணி நேரத்துல நாங்க பதில் சொல்லியாகணும். எங்களுக்குப் பெரிய தொந்தரவு."

"தொந்தரவா! பாத்தியா கிளெம் திமிரை!" புகார் கொடுப்பதற்காக அதை அப்படியே கடிதத்தின் பின்பக்கம் கிறுக்கினாள் பெர்னடின். "இன்னும் ஏதாவது எச்சரிக்கை உண்டா மகாராணி?"

"உண்டு. உங்க கணவருக்கு ஏற்கனவே இதயத்துல ஸ்டென்ட் வெச்சிருக்குன்னு ஃபைல்ல பார்த்தேன். அந்தப் பழைய மருந்து இதயத்துக்கு ஆகாதுன்னு அவரோட இதய டாக்டர்கிட்ட லெட்டர் கேட்டு அலையாதீங்க. அது வந்துட்டா, பழைய மருந்தை முதல்ல குடுக்கணும்கிற விதியே அவருக்குப் பொருந்தாது."

"அடிப்பாவி!"

"கடைசியா, எங்க கம்பெனியில உங்க மேல்முறையீட்டைப் புற்றுநோய் டாக்டர்தான் படிக்கணும்னு கேட்டு வைக்காதீங்க. போன தடவை படிச்சவர் கண் டாக்டர். கேட்டீங்கன்னா வேற ஆளைத் தேடணும். எழுதறீங்களா, மேடம்? எழுதாதீங்க."

"எழுதுவேன்! நீ வேணாம்னு சொன்ன ஒவ்வொண்ணையும் எழுதுவேன்! உன்னால ஆனதைப் பார்த்துக்க!"

"நான் தடுத்தேன்னு பதிவுல இருந்தா போதும், மேடம். வெச்சிடறேன்."

பெர்னடின் சும்மா இருப்பவளா? அன்றே இரண்டு டாக்டர்களின் வாசலிலும் போய் நின்றாள். கடிதம் கைக்கு வரும்வரை வரவேற்பு மேஜையை விட்டு நகரவில்லை. மேல்முறையீட்டை ஃபேக்ஸில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சீட்டை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் அனுமதி வந்தது. திங்கட்கிழமை புது மருந்தின் முதல் ஊசி.

"கம்பெனியையே மண்டி போட வெச்சேன் பாத்தியா? அந்த ரோண்டா மூஞ்சில கரி!"

கிளெம் சிரித்தான். ரொம்ப நாளைக்கப்புறம் வந்த சிரிப்பு. இருமலில் போய் முடிந்தது.

"பெர்னி, உன் மேல்முறையீட்டுல அவ சொல்லாத வரி ஒண்ணு இருந்தா காட்டு."

தான் கிறுக்கி வைத்த கம்பெனிக் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றுகூட இல்லை. பெர்னடின் மெதுவாக நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

அடுத்த வாரம் போன் வந்தது. தேனாய் ஒரு ஆண் குரல்.

"வாழ்த்துகள், மேடம். சேவைத் தரப் பிரிவுலேருந்து பேசறேன். உங்க மேல்முறையீடு பிரமாதம். எங்க ஆளுங்க யாராவது உதவினாங்களா? ரோண்டாவுக்கு நீங்க நன்றி சொல்ல விரும்பினா..."

நன்றி தொண்டை வரை வந்துவிட்டது.

"ஏன் கேக்கறேன்னா," என்றது தேன், "அவங்ககிட்ட பேசினவங்கள்ல, ரெண்டு மாசத்துல பதினோரு பேர் மேல்முறையீட்டுல ஜெயிச்சிருக்காங்க. பதிவைக் கேட்டா தடுக்கற மாதிரிதான் இருக்கு. அதான், வாடிக்கையாளர்களையே கேட்டுத் தெரிஞ்சுக்கலாம்னு."

பொய் சொன்னால் நாக்கில் சோப்பு தேய்த்த கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் பெர்னடின். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"உதவியா? அவளா? ஏன் சார், வேலைக்கு வைக்க உங்களுக்கு வேற ஆளே கிடைக்கலையா? ஈவு இரக்கம் இல்லாத ஜென்மம்! என்னை ஒரு வரி எழுத விடலை. எழுதாதே, கேக்காதே, அலையாதேன்னு ஒரே அதட்டல். அந்த வீம்புலதான் எழுதினேன். கம்பெனி காசைத் தன் காசு மாதிரி இறுக்கிப் பிடிக்கறா!"

"அப்படியா? அவ்வளவு கறாரா?"

"அவ்வளவு கறார். நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. இனிமே கேன்சர்னு யார் கூப்பிட்டாலும் நேரா அவகிட்டயே தள்ளி விடுங்க. அவகிட்ட மாட்டினாத்தான் எங்களை மாதிரி ஆளுங்களுக்குப் புத்தி வரும்!"