விஜயபாண்டிக்கு மாலை

வக்கீல் பொன்னுச்சாமி மாதிரி ஒரு நண்பன் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று அருப்புக்கோட்டையே பேசிக்கொண்டது.

சக வக்கீல் விஜயபாண்டி தேர்தலில் நின்றபோது, பந்தல்குடி வரை ஜீப்பில் அலைந்து, தொண்டை கட்டும்வரை ஓட்டுக் கேட்டு எம்.எல்.ஏ. ஆக்கியவர் அவர்தான். அடுத்த தேர்தலில் தோற்று, விஜயபாண்டி மறுபடி கறுப்புக் கோட்டைத் தேடினார். உடனே, "இந்த மூளைக்கு ஜட்ஜாகணும்யா!" என்று மற்ற வக்கீல்களின் வீடு வீடாகப் போய் மனுவில் கையெழுத்து வாங்கி அனுப்பியவரும் அவர்தான். விஜயபாண்டி மெட்ராஸ் ஐகோர்ட்டுக்கே ஜட்ஜாகக் கிளம்பிய அன்று ஆளுயர ரோஜா மாலை போட்டு வழியனுப்பினார்.

இரண்டு வருடம் நிம்மதியாகப் போனது. ஒருநாள் குமாஸ்தா ஓடி வந்தார்.

"சார், நாம இங்க ஜெயிச்ச பாலவனத்தம் கிணத்துக் கேஸு மெட்ராஸ் அப்பீல்ல தோத்துருச்சு. தீர்ப்புச் சொன்னது நம்ம விஜயபாண்டி ஐயாவாம்!"

பொன்னுச்சாமி தலையில் கைவைத்து உட்கார்ந்தார். மனைவி ராமலட்சுமிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"எதிர்ல நின்னு ஒரு கேஸுகூட ஜெயிக்க முடியலன்னுதான அவுகள ஊரவிட்டுக் கிளப்புனீக? இனி எங்க அனுப்பப் போறீக, டெல்லி சுப்ரீம் கோர்ட்டுக்கா?"

"வாயக் கழுவுடி! அங்க தோத்தா அப்பீலே கிடையாது!"